இரண்டு நிமிட தரிசனம்

கார்த்திகை தீபத்தன்று சாயங்காலம் திருவண்ணாமலை கோயிலுக்குள் நின்றிருக்கிறீர்களா? நின்றவர்களுக்குத் தெரியும். பஞ்சமூர்த்திகள் ஒவ்வொருவராக வந்து அமர்ந்துவிடுவார்கள். அதற்கப்புறம் எல்லார் கண்ணும் ஒரே வாசலில்தான் இருக்கும். ஆறு மணிக்குச் சற்று முன்னால் அர்த்தநாரீஸ்வரர் வெளியே வருவார். நடந்து வரமாட்டார், ஆடிக்கொண்டே வருவார். கொடிமரத்துக்கு முன்னால் ஓர் இரண்டு நிமிஷம், அவ்வளவுதான். உள்ளே போய்விடுவார். 2,668 அடி மலையுச்சியில் தீபம் ஏறும். 'அண்ணாமலையாருக்கு அரோகரா' என்கிற சத்தத்தில் காது அடைத்துப்போகும். பாதி ஆண், பாதி பெண்ணாக நிற்கிற அந்தச் சாமியை மறுபடி வெளியே பார்க்க இன்னும் ஒரு வருஷம் ஆகும்.

இந்த இரண்டு நிமிஷத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

ஜூன் மாதத்துக் கடைசி ஞாயிறு ஒன்றில் திருவண்ணாமலையில் இருந்தேன். பௌர்ணமி இல்லை, விசேஷம் எதுவும் இல்லை. கூட்டமில்லாத நாளில் கிரிவலம் போவது ஒரு சுகம். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நடக்க ஆரம்பித்தேன். அக்னி லிங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு இளைஞர் சேர்ந்துகொண்டார். என் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவராம். சந்தோஷம்தானே! பேச்சுக் கொடுத்துக்கொண்டே நடந்தோம். உள்ளூர்ப் பையன்தான், சென்னையில் வேலை. அவர் பெயர், தெரு, கம்பெனி எதையும் நான் மாற்றிச் சொல்லப்போவதில்லை. சொல்லவே போவதில்லை.

"வாராவாரம் ஊருக்கு வந்துடுவீங்களா தம்பி?"

"இல்ல சார். ஜூன் கடைசி ஞாயித்துக்கிழமை மட்டும் தவறாம வந்துடுவேன். இன்னிக்கு மெட்ராஸ்ல ஒரு பேரணி."

"டிராஃபிக் ஜாம் ஆயிடும்னா?"

"இல்ல சார். அங்க இருந்தா போயிடுவேன். அதான்."

யம லிங்கம் வரைக்கும் நான் எதுவும் பேசவில்லை. எந்தப் பேரணி என்பது எனக்குப் புரிந்துவிட்டது.

உங்களில் சிலருக்குப் புரியாமல் இருக்கலாம் என்பதால் சொல்லிவிடுகிறேன். ஆணை நேசிக்கும் ஆண்கள், பெண்ணை நேசிக்கும் பெண்கள், திருநங்கைகள், திருநம்பிகள் என்று எல்லாரும் வானவில் கொடியோடு வருஷத்துக்கு ஒரு நாள் நடக்கிற பேரணி. ஆங்கிலத்தில் 'ப்ரைடு'. 1969 ஜூன் 28 அதிகாலை நியூயார்க்கில் ஸ்டோன்வால் என்கிற விடுதிக்குள் போலீஸ் நுழைந்தது. வழக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டு வண்டியில் ஏறுகிறவர்கள் அன்றைக்கு ஏறவில்லை, எதிர்த்து நின்றார்கள். அடுத்த வருஷம் அதே தேதியில் முதல் ஊர்வலம். ஜூன் மாதம் வந்த கதை இதுதான்.

இந்தியாவில் முதல் நடை 1999 ஜூலை 2, கொல்கத்தாவில். நடந்தவர்கள் சுமார் 15 பேர். நம்மூரில் பெண் பார்க்கப் போகிற கூட்டமே அதைவிடப் பெரிசு. 'நட்பு நடை' என்று பெயர் வைத்துக்கொண்டு போனார்கள். 2008-ல் டெல்லியிலும் பெங்களூரிலும் நடந்தபோது பலர் முகமூடி மாட்டிக்கொண்டு நடந்தார்கள். சென்னையில் முதல் பேரணி 2009 ஜூன் 28, மெரினாவில். நாலே நாளில், ஜூலை 2-ம் தேதி, டெல்லி ஹைகோர்ட் 377-வது பிரிவின் பல்லைப் பிடுங்கியது. 2013 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் அந்தப் பல்லைத் திரும்ப ஒட்டவைத்தது. 2018 செப்டம்பர் 6-ம் தேதி அதே கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் மொத்தமாகப் பிடுங்கிப் போட்டார்கள். ஆக, சட்டப்படி இன்றைக்கு அந்தப் பையன் குற்றவாளி கிடையாது. அப்புறம் ஏன் 190 கிலோமீட்டர் பஸ் ஏறி ஓடி வருகிறார்?

அதற்கு முன்னால் நாம் வழக்கமாகச் சொல்கிற இரண்டு விஷயங்களைப் பார்த்துவிடலாம். முதலாவது, 'அவங்க எப்படியோ இருந்துட்டுப் போகட்டும். அது நாலு சுவத்துக்குள்ள நடக்கிற சமாசாரம். அதைத் தெருவுல கொண்டு வந்து ஊர்வலம் போகணுமா?'

நல்ல கேள்வி. ஆனால் யார் கேட்கிறோம் என்று பாருங்கள். வீட்டில் ஒரு பெண் குழந்தை வயதுக்கு வந்தால் 20 அடிக்கு ஃபிளெக்ஸ் பேனர் வைத்து, அந்தக் குழந்தையின் போட்டோவைப் போட்டு, தாய்மாமன் சீர்வரிசையை மேளதாளத்தோடு தெரு சுற்றிக் கொண்டுவருகிற நாம். மாப்பிள்ளை அழைப்புக்கு மெயின் ரோட்டில் பஸ்ஸை நிறுத்திவிட்டு டான்ஸ் ஆடுகிற நாம். கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து, சாவு எல்லாமே நமக்குத் தெருவில்தான். சாமியே தெருவுக்கு வந்தால்தான் திருவிழா. ஒருத்தர் யாரோடு குடும்பம் நடத்துகிறார் என்பதை ஊரைக் கூட்டி, பத்திரிகை அடித்து, பந்தி போட்டுச் சொல்கிற ஜனங்கள் நாம். இவர்கள் விஷயத்தில் மட்டும் திடீரென்று நமக்குச் சுவர் ஞாபகம் வருகிறது.

தமிழில் இந்தப் பேரணிக்கு 'வானவில் சுயமரியாதைப் பேரணி' என்றும் ஒரு பெயர் உண்டு. எனக்கு ரொம்பப் பிடித்த மொழிபெயர்ப்பு அது. 'ப்ரைடு' என்பதைப் பெருமை என்று சொன்னால் 'இதுல பெருமைப்பட என்ன இருக்கு?' என்று யாராவது கேட்பார்கள். சுயமரியாதை என்றால் இந்த ஊரில் யாருக்கும் அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. 1928-ல் பெரியார் சுக்கிலநத்தத்தில் ஐயர் இல்லாமல், மந்திரம் இல்லாமல் ஒரு கல்யாணத்தை நடத்திவைத்தார். அப்படி நடந்த கல்யாணங்கள் செல்லும் என்று அண்ணா ஆட்சியில் சட்டம் வந்தது 1967-ல். நடுவில் 39 வருஷம்! சட்டம் கைகொடுக்காது என்று தெரிந்தே பந்தல் போட்டு, மைக் கட்டி, ஊரைக் கூப்பிட்டுத்தான் மாலை மாற்றிக்கொண்டார்கள். (வாழ்த்துரை மட்டும் மூணு மணி நேரம் போகும், அது வேறு விஷயம்.) ரகசியமாகச் செய்துகொண்டிருந்தால் அந்தச் சட்டம் வந்திருக்குமா?

இரண்டாவதாகச் சொல்வது கொஞ்சம் முற்போக்கான ஆட்கள். நானும் அந்த ஜாதிதான். 'இதெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு கிடையாது சார். நம்ம மரபுலயே இருக்கு. அர்த்தநாரீஸ்வரர் இல்லையா? கூவாகம் இல்லையா?' என்போம். கைதட்டல் கிடைக்கும். நானே மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன்.

இப்போது யோசித்தால் இது பாதி உண்மை.

திருவண்ணாமலை மாவட்டத்தில் தெருக்கூத்து இன்னும் உயிரோடு இருக்கிறது. புரிசை இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. ராத்திரி பூரா ஆம்பளைதான் திரௌபதி. ஊரே உட்கார்ந்து அந்தத் திரௌபதியோடு சேர்ந்து அழும், சில பேர் சேவித்துக்கொள்வார்கள். விடிந்ததும் அரிதாரத்தைக் கழுவிவிட்டு அவர் டீக்கடைக்கு வரும்போது நடையில் ஒரு நளினம் மிச்சம் இருந்தால்? என்ன நடக்கும் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கூவாகமும் அதே கதைதான். உளுந்தூர்பேட்டை பக்கம், இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டம். சித்ரா பௌர்ணமியை ஒட்டி 18 நாள் திருவிழா. களப்பலிக்கு முந்தின ராத்திரி அரவானைக் கல்யாணம் பண்ணிக்கொள்ள யாரும் முன்வராததால் கிருஷ்ணரே மோகினியாக வந்தார் என்பது ஐதிகம். திருநங்கைகள் பூசாரி கையால் தாலி கட்டிக்கொள்கிறார்கள். சுற்றுவட்டாரக் கிராமத்து ஆண்களும் வேண்டுதலுக்காகத் தாலி கட்டிக்கொள்வது உண்டு என்பது வெளியூர்க்காரர்கள் பலருக்குத் தெரியாது. மீசை வைத்த விவசாயி, பள்ளிக்கூடப் பையன் எல்லாரும்தான். மறுநாள் தேர். அழுகளத்தில் தாலி அறுப்பு, வளையல் உடைப்பு, ஒப்பாரி. அதோடு முடிந்தது. விவசாயி வயலுக்குத் திரும்பிவிடுவார். திருநங்கைகள் எங்கே திரும்புவார்கள்?

இதை எழுதும்போது எங்கள் தொழிலையும் ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. பத்திரிகைக்காரர்கள் நாங்கள் வருஷா வருஷம் விழுப்புரத்தில் ரூம் போட்டு, அழகிப் போட்டியைப் படம் எடுத்து, 'களைகட்டியது கூவாகம்' என்று தலைப்பு வைப்போம். முதல் பக்கத்தில் பட்டுப்புடவை, அடுத்த பக்கத்தில் வெள்ளைப்புடவை. கேப்ஷனில் ஒரு சொட்டுக் கண்ணீர். தேர் முடிந்த மறுநாள் அவர்கள் எந்த பஸ்ஸில் ஏறினார்கள், வாடகைக்கு வீடு கிடைத்ததா என்று எத்தனை பேர் தொடர்ந்து போய் எழுதினோம்? அந்தக் கேள்விகளுக்குப் பதில் வேண்டுமென்றால், ரேவதியின் 'உணர்வும் உருவமும்', லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், வித்யா' மாதிரி அவர்களே எழுதிய புத்தகங்களைத்தான் தேடிப்போக வேண்டியிருந்தது. 2007-ல் வந்த வித்யாவின் புத்தகத்தில் என்னை உலுக்கியது ஆபரேஷன் பற்றிய பகுதிகூட இல்லை. சர்ட்டிஃபிகேட்டில் ஒரு பெயரை மாற்றுவதற்கு ஒரு மனுஷி அலைகிற அலைச்சல்தான். திருவிழா போட்டோவில் அந்த அலைச்சல் விழாது.

நம் மரபு இவர்களுக்கு இடம் கொடுத்திருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் நேரம் குறித்துக் கொடுத்திருக்கிறது. சாமிக்கு இரண்டு நிமிஷம், கூத்துக்கு ஒரு ராத்திரி, கூவாகத்துக்கு ஒரு சித்திரை. சாமியாக வரலாம், வேஷமாக வரலாம், வேண்டுதலாக வரலாம். திங்கட்கிழமை காலையில் பக்கத்து வீட்டுக்காரராக மட்டும் வரக்கூடாது.

பேரணிக்குப் போகிறவர்கள் கேட்பது அந்தத் திங்கட்கிழமையைத்தான். ஒரு விஷயம் கவனித்தீர்களா? பேரணியும் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான்! அதுவும் சாயங்காலத்தோடு முடிந்துவிடும். அதனால்தான் அங்கே போகாதவர்களைக் கோழை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

போகாததற்கு எத்தனை காரணம் இருக்கிறது தெரியுமா? சிலருக்கு ஆங்கில அட்டைகளைப் பார்த்தாலே அலர்ஜி. 'இது அண்ணா நகர், அடையாறு பார்ட்டி சார், நமக்கில்ல' என்பார்கள். சிலருக்கு ஜூன் மாசம் மட்டும் வானவில் கலருக்கு மாறும் கம்பெனி லோகோக்களைப் பார்த்து எரிச்சல். அந்த எரிச்சலில் எனக்கும் பங்கு உண்டு. ஜாதியைப் பற்றிப் பேசாத வானவில் எனக்கு எதற்கு என்று கேட்கிற தலித் திருநர்கள் உண்டு. கல்வியிலும் வேலையிலும் தனி உள்ஒதுக்கீடு வேண்டும் என்று கிரேஸ் பானு போன்றவர்கள் வருஷக்கணக்காகப் போராடுவது கொடி பிடிப்பதோடு தீருகிற சமாசாரம் இல்லை. கடை வசூலுக்குப் போனால்தான் அன்றைக்குச் சாப்பாடு என்கிற நிலைமையில் இருக்கும் திருநங்கைக்கு ஞாயிற்றுக்கிழமை என்பதே கிடையாது. கல்யாணமாகி இரண்டு குழந்தைகளோடு தி.நகரில் ஷாப்பிங் போகிற நடுத்தர வயது ஆண்கள் சிலருக்கு அந்தத் தேதி மட்டும் மறக்காது. அவர்களைப் பற்றி இங்கே எழுத முடியாது. அவர்கள் மனைவிகளைப் பற்றியும்தான்.

இதையெல்லாம் தாண்டி ஒரு பெரிய காரணம் இருக்கிறது. போட்டோ.

கிரிவலத்தில் லட்சம் பேரோடு நடக்கலாம், ஒருத்தருக்கும் உங்களைத் தெரியாது. கூட்டம் உங்களை மறைத்துவிடும். பேரணியில் தலைகீழ். அங்கே கூட்டம்தான் உங்களைக் காட்டிக்கொடுக்கும். பக்கத்தில் நடக்கிறவர் எடுக்கிற செல்ஃபியில் நீங்கள் அரை முகமாக விழுந்தால் போதும். சாயங்காலத்துக்குள் வாட்ஸ்அப்பில் பெரியப்பா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். முகத்தில் கலர் பூசிக்கொண்டு வருகிற பையன்களைப் பார்த்து 'என்ன கூத்து இது' என்கிறோம். 2008-ல் முகமூடி செய்த வேலையை இப்போது அந்தக் கலர் செய்கிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

சரி, அப்படியும் ஏன் போகிறார்கள்? தன்னை மாதிரி உலகத்திலேயே தான் ஒருத்தன்தான் என்று 15 வயதிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிற ஒருவருக்கு, ஒரே தெருவில் ஐந்நூறு பேரைச் சேர்த்துப் பார்ப்பது என்ன மாதிரி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கோஷம், கொடி எல்லாம் அப்புறம். அந்த எண்ணிக்கைதான் மருந்து.

ஒருமுறை நானும் போனேன். பத்திரிகைக்காரனாக, ஓரமாக. முன்னால் திருநங்கைகள் பறைச் சத்தத்துக்கு ஆடிக்கொண்டு போனார்கள். பின்னால் காலேஜ் பசங்க. நடுவில் புடவை கட்டிய ஒரு அம்மா, நம் அத்தை மாதிரி, மகன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நான் நோட்டில் குறித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற சுண்டல்காரப் பெரியவர் ரொம்பச் சாதாரணமாகக் கேட்டார்: "நீங்களும் அவங்கதானா சார்?"

"இல்லைங்க, இல்லைங்க! நான் பத்திரிகை" என்றேன்.

இரண்டு முறை இல்லை என்று சொன்னேன். அடையாள அட்டையை எடுத்துக்காட்டாததுதான் பாக்கி. அவர் கேட்டதில் ஒரு கெடுதலும் கிடையாது. 'நீங்க மதுரையா?' என்று கேட்கிற மாதிரிதான் கேட்டார். எனக்குத்தான் காது சிவந்துபோச்சு. எத்தனை கட்டுரை எழுதியிருப்பேன், எத்தனை மேடையில் அர்த்தநாரீஸ்வரரைக் கூப்பிட்டிருப்பேன்! ஒரு நிமிஷம், ஒரே ஒரு சுண்டல்காரர் என்னைத் தப்பாக நினைப்பதை என்னால் தாங்க முடியவில்லை. அந்தப் பையன் ஆயுசு முழுக்கத் தாங்க வேண்டியதைச் சொல்கிறேன்.

2021-ல் சென்னை ஹைகோர்ட்டில் மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள் வழக்கு வந்தது. சேர்ந்து வாழ்வதற்காக வீட்டைவிட்டு வந்தவர்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் தனக்கே சரியான புரிதல் இல்லை என்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, ஒரு மனநல நிபுணரிடம் உட்கார்ந்து பாடம் கேட்டுவிட்டுத்தான் உத்தரவு எழுதினார். ஆளை 'மாற்றுகிறேன்' என்று வைத்தியம் பார்ப்பதற்கு அந்த உத்தரவில்தான் தடை வந்தது. எனக்கு அந்தத் தடையைவிட, மேலே உட்கார்ந்திருக்கிறவர் 'எனக்குத் தெரியாது' என்று எழுதினாரே, அது பெரிசாகப் பட்டது. 2023 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் ஒரேபால் கல்யாணத்துக்கு உரிமை கிடையாது, அதைப் பார்லிமென்ட் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டது. இந்த விஷயத்தில் 39 வருஷம் எப்போது முடியுமோ!

ஆதி அண்ணாமலையில் டீ குடித்தோம். குபேர லிங்கம் தாண்டியதும் தம்பி போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். அதற்கு முந்தின ஜூனில் எடுத்ததாம். ஒரு மாநகர பஸ்ஸின் முதுகு, அதற்கு அந்தப் பக்கம் சின்னச் சின்னதாகக் கலர் கொடிகள்.

"ஒரே ஒரு தடவை போனேன் சார். எதிர் பிளாட்பாரம் வரைக்கும். ஒரு கரும்பு ஜூஸ் வாங்கி வெச்சுக்கிட்டு நின்னேன். சும்மா வேடிக்கை பாக்கற மாதிரி."

"அப்புறம்?"

"என்னைத் தெரிஞ்ச ரெண்டு பேர் அதுல இருந்தாங்க. பாத்துட்டாங்க. கையாட்டுனாங்க. நான் அவங்க வேற யாருக்கோ ஆட்டற மாதிரி பின்னாடி திரும்பிப் பாத்தேன்."

கொஞ்ச தூரம் நடந்த பிறகு சொன்னார்: "அதுக்கப்புறம்தான் சார், அன்னிக்கு மட்டும் ஊருக்கு வந்துடறது."

சுண்டல்காரர் கதையை அவரிடம் சொன்னேன். சிரித்தார். ரொம்ப நேரம் சிரித்தார். எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி, "விடுங்க சார்" என்றார்.

ஈசான்ய லிங்கத்துக்குப் பக்கத்தில் அவருக்குப் போன் வந்தது. அம்மா. ஸ்பீக்கரில் போடவில்லை, இருந்தாலும் அந்தக் குரல் எனக்கே கேட்டது. "சுத்தி முடிச்சிட்டியாடா? தோசைக்கு மாவு கரைச்சு வெச்சிருக்கேன். எங்கடா இருக்க?"

"ஈசான்யம் வந்துட்டேன்மா" என்றார். "இன்னும் கொஞ்சம்தான்."